பெரிய வியாழனும் தேரும்

சித்திரைத் திருவிழாவும் பாஸ்காவும் முழுநிலவைப் பார்த்தே நாள் குறிப்பவை. அவை சந்திப்பதில் வியப்பில்லை. 2019-இல் மூன்றாவதாகத் தேர்தலும் வந்து சேர்ந்தது. ஏப்ரல் 18 அன்று மதுரையில் பெரிய வியாழன், மாசி வீதிகளில் மீனாட்சியம்மன் தேரோட்டம், மக்களவைக்கு வாக்குப்பதிவு. தேதியை மாற்றும்படி இரு தரப்பிலிருந்தும் நீதிமன்றத்தை அணுகினர். மாறவில்லை. தேரை முன்னிட்டு மதுரைத் தொகுதிக்கு மட்டும் இரவு எட்டு மணி வரை நேரம் நீட்டித்தார்கள். பிறருக்கெனத் தந்த அந்த இரண்டு மணி நேரத்தில்தான் என் தாயாரும் வாக்களித்தார்.

பாதம் கழுவும் திருச்சடங்கு முடியுமுன் எழ அவர் இசையவில்லை. திருப்பலிக்குப் பின் மெல்ல நடந்து வாக்குச்சாவடியை அடைந்தபோது மணி ஏழரை. வரிசையில் எங்களுக்கு முன் நின்றவரின் நெற்றியில் திருநீறு வியர்வையில் குழைந்திருந்தது. வடம் பிடித்த உள்ளங்கை சிவந்திருந்தது.

"தேர் நிலைக்கு வந்துவிட்டதா, தம்பி?" என்றார் தாயார்.

"வந்தாயிற்று, அம்மா. உங்கள் பூசை முடிந்ததா?" என்று கேட்டவர், விலகி அவருக்கு வழிவிட்டார்.

மறுநாள் பெரிய வெள்ளி. காலையில் அழகர் வைகையில் இறங்கினார். பிற்பகல் மூன்று மணிக்கு நாங்கள் திருச்சிலுவையின்முன் முழந்தாளிட்டிருந்தோம். தாயாரின் விரலில் மை அழியாதிருந்தது.