வெரைட்டி ஹால் ரோடு

கோயமுத்தூரில் இரயிலை விட்டிறங்கி டவுன் ஹால் பக்கம் செல்லும் நேயர்கள் ‘வெரைட்டி ஹால் ரோடு’ என்னும் பெயரைக் கண்டிருப்பார்கள். சென்ற மாதம் நம் பள்ளிப் பிள்ளைகள் சிலருடன் அவ்வழியே நடந்தோம். “ஹால் எங்கேங்க, சார்?” என்று ஒரு சிறுவன் கேட்டான். ரோடு இருக்கிறது, ஹால் இல்லை. அதன் கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தோம்.

திருச்சிராப்பள்ளியில் இரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். பிறந்த ஊர் கோயமுத்தூர். 1905-ஆம் வருஷம், ஊர் ஊராகப் படம் காட்டி வந்த டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் நோயுற்று, தம் இயந்திரத்தையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். குமாஸ்தா அவற்றை வாங்கினார், வேலையை விட்டார், கூடாரத்தைச் சுமந்துகொண்டு பெஷாவர், லாகூர் வரையிலும், கடல் கடந்து ரங்கூனுக்கும் சென்றார். மாதச் சம்பளத்தைத் தெய்வமாகக் கருதிய காலத்தில் இத்துணிவு எங்கிருந்து வந்ததோ!

1914-இல் சொந்த ஊருக்குத் திரும்பி அவர் எழுப்பிய நிரந்தரக் கொட்டகையே வெரைட்டி ஹால். பெயருக்கேற்ப அது படத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. நாடகமும் அங்கே நடந்தது. அக்காலத்துச் சினிமா ஊமை. திரையருகே ஒருவர் நின்று கதை சொல்வார். பக்கத்தில் வாத்தியம் முழங்கும். சுருள் மாற்றும் இடைவேளையில் ஜனங்கள் ஊர்க்கதை பேசுவார்கள். படத்தைவிட இந்த இடைவேளையே சிலருக்கு ருசித்திருக்கும் என்பது நம் சந்தேகம். மின்சாரம் அபூர்வமாக இருந்த அந்நாளில், படத்துக்கென வந்த சக்தியை அச்சுக்கூடத்துக்கும் அரிசி ஆலைக்கும் வின்சென்ட் பயன்படுத்திக்கொண்டார். கேளிக்கைக்கு வந்த வெளிச்சம் ஊரின் தொழிலுக்கும் உதவியது.

1931-இல் தமிழ்த் திரை பேசத் தொடங்கிற்று. கதை சொல்பவர் வேலை இழந்தார், வாத்தியக்காரரும் அவ்வாறே. இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. வின்சென்டோ 1933-இல் கல்கத்தாக் கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து ‘வள்ளி திருமண’த்தையே படமாக்கி வெளியிட்டார். அவர் 1942-இல் மறைந்தார்.

பின்னர் ஹால் ‘டிலைட்’ தியேட்டராயிற்று. கல்லூரி நாளில் நாமும் அங்கே பழைய படம் ஒன்று பார்த்தோம். படம் நன்றாக நினைவில்லை. கதாநாயகன் திரையில் தோன்றியதும் முன்வரிசையில் எழுந்த விசில் நினைவிருக்கிறது. மூட்டை தூக்குபவரும் மில் தொழிலாளியும் அன்று நம் பக்கத்திலிருந்து சிரித்தார்கள். இன்று அங்கே படம் ஓடுவதில்லை. பழைய கொட்டகையும் இடிக்கப்பட்டுவிட்டது. கையிலுள்ள தொலைபேசியில் அவரவர் தனித்தனியே படம் பார்க்கும் காலம் இது. பக்கத்திலிருப்பவர் எதற்குச் சிரிக்கிறார் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

கதை முடிந்ததும் அச்சிறுவன் மீண்டும் கேட்டான்: “அவர் பேரு இங்கெ எங்கியாவது எழுதியிருக்குங்களா, சார்?”

சாலையின் இருபுறமும் பார்த்துக்கொண்டே நடந்தோம்.