நான்காம் வேற்றுமை படுத்திய பாடு

இவ்வாண்டு நம் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த நாற்பது பேருக்கும் தமிழில் வரவேற்புக் கடிதம் அனுப்புவதென்று முடிவாயிற்று. பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பைத்தான் மொழிக்கு ‘ஜிஞ்ஜா’ என்றொரு வார்ப்புரு நூலகம் உண்டு. ஜப்பானியர் ஒருவகைக் கோயிலுக்கு வழங்கும் பெயர் அது. ‘டெம்பிள்’, ‘டெம்ப்ளேட்’ என்னும் ஓசை ஒற்றுமைக்காக வைத்தார்களாம்! கடிதத்தை ஒருமுறை எழுதி, பெயர் வரும் இடத்தைக் குறித்துவிட்டால், நாற்பது கடிதங்களும் நொடியில் ஆயத்தம். ‘அன்புள்ள’ என்று தொடங்கி, பெயருக்கு இடம் விட்டு, ஒட்டினாற்போல் ‘க்கு’ வைத்தேன். வள்ளி ஒருத்தி தப்பினாள். மற்றவை ‘கண்ணன்க்கு’, ‘மாலாக்கு’, ‘செல்வம்க்கு’ என்று வந்து விழுந்தன.

“பெயருக்குப் பின் ‘அவர்கள்’ போட்டுவிடு தம்பி, தொல்லை தீர்ந்தது” என்றார் செயலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டைப் பிரிந்து வந்து இரண்டு வாரமே ஆன பிள்ளைக்கு ‘அவர்கள்’ எதற்கு? வரி கேட்கும் அறிவிப்புப் போலல்லவா இருக்கும்!

ஜிஞ்ஜாவில் சொல்லை மாற்றித் தரும் வடிகட்டிகள் பல உண்டு. சிற்றெழுத்தைப் பேரெழுத்தாக்கும் வடிகட்டியால் நமக்கென்ன பயன்? ஆனால், நாமே ஒரு செயற்கூறு எழுதி, பெயரிட்டு, அந்தப் பட்டியலில் சேர்த்துவிடலாம். அதை நாம் அழைப்பதில்லை. கடிதத்தில் அந்த வடிகட்டி வரும்போதெல்லாம் நூலகமே அதனை அழைத்து, ஆளின் பெயரைக் கொடுத்து, திருத்திய சொல்லை வாங்கிக்கொள்ளும். சேர்ப்பது ஒரே வரி. உள்ளே எழுதுவதுதான் பாடு.

நான் வெளிமாநிலப் பள்ளியில் படித்தவன். ‘கண்ணனுக்கு’ என்று பேசத் தெரியும். ஏன் என்று சொல்லத் தெரியாது. கணினிக்கோ விதியைச் சொல்லியாக வேண்டும். அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். இ, ஈ, ஐ, ய் என முடிந்தால் வெறும் ‘க்கு’. மற்ற மெய்யில் முடிந்தால் புள்ளி போய் உகரம் வரும். கணினியில் ‘ன்’ என்பது னகரமும் புள்ளியுமாக இரண்டு குறிகள். கடைசிக் குறியை வெட்டினால் போதும். மாலாவுக்கும் பாபுவுக்கும் நடுவில் ஒரு வகரம். செல்வத்துக்கு மகரம் போய் ‘அத்து’.

ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரி, ‘மரியத்துக்கு’ என்ற ஒன்றைத் தவிர.

“அந்தப் பொண்ணு வீட்டில எப்படிச் சொல்றாங்களோ, அப்படியே போடுப்பா” என்றார் அம்மா. மறுநாள் வகுப்பு வாசலில் காத்திருந்து கேட்டேன்.

“மரியமுக்குன்னுதான் சொல்லுவாங்க. ஏண்ணா?” என்றாள் அந்தத் தங்கை.

அன்றிரவு செயற்கூற்றில், விதிகளுக்கெல்லாம் முன்னால், அவளுக்கென்று ஒரு வரி சேர்த்தேன்.