ஸ்டூல் இருக்கிறது, உட்கார முடியாது

கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவையே இதற்காகச் சேர்த்தார்கள். கேரளத்தில் 2018-இலேயே வந்துவிட்டது. துணிக்கடைப் பெண்கள் போராடி வாங்கிய உரிமை அது.

போன வாரம் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போட்ட அக்கா, காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றார். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. பக்கத்திலேயே ஸ்டூல், அதன் மேல் அட்டைப்பெட்டிகள்.

"உட்காருங்கக்கா, நாங்க பாத்துக்கிறோம்" என்றேன்.

"கேமராவுல பாப்பாங்கம்மா."

கல்லாவில் இருந்தவருக்கு மெத்தை போட்ட நாற்காலி.

எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. ஸ்டூல் வாங்கிப் போட்டால் மட்டும் போதுமா? உட்கார்ந்தவரை யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது, அதுதான் உரிமை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாய் திறக்காதவர்களிடம்தான் இந்த அதிகாரமெல்லாம். தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் ஸ்டூலை எண்ணாமல், கூட்ட நேரத்தில் வந்து பார்க்க வேண்டும்.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்களே, "நீங்க உட்கார்ந்தே காட்டுங்க" என்று முதலாளி காதில் விழும்படி சொல்லுங்கள்.