அரை மில்லிமீட்டர்

அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு ஒரு சுருள்வில் தேவைப்பட்டது. இங்கிலாந்திலிருந்து தருவித்தால் பொருளைவிட அஞ்சலுக்கும் சுங்கத்துக்கும் ஆகும் செலவே பல மடங்கு. புதுப்பேட்டைப் பட்டறை ஒன்றில் அதே அளவில் கம்பி சுற்றித் தர எண்பது ரூபாய். தயங்கியதற்குக் காரணம், அது உட்காரும் இடம் ஸ்டீயரிங். ஓட்டுபவருக்கு வயது எழுபத்தொன்பது. சத்தம் கேட்கத் தொடங்கியதிலிருந்து அம்மா வண்டியில் ஏறுவதில்லை.

டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவமான இந்த வண்டி 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் தயாரானது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஸ்டீயரிங் தண்டின் முனையிலுள்ள பற்சக்கரம், பல் வெட்டிய நீளத் தண்டொன்றை இடவலமாக நகர்த்துகிறது. இரண்டும் விலகிவிடாமல் பின்னாலிருந்து அழுத்திக்கொண்டிருப்பதுதான் இந்த வில். தளர்ந்தால் மேடுபள்ளத்தில் கடகடக்கும். அளவுமீறி அழுத்தினாலோ, திருப்பிய சக்கரம் தானாக நேராகாது. இரண்டாவதுதான் எனக்கு அதிக அச்சம் தந்தது.

மலிவான உருக்கு என்றால் வில் மென்மையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. விறைப்பு உருக்கின் தரத்தால் ஏறக்குறைய மாறுவதே இல்லை. கம்பியின் தடிமன்தான் ஆட்டிவைக்கிறது. பத்து சதவீதம் தடித்தால் விறைப்பு 46 சதவீதம் ஏறிவிடும். (ராபர்ட் ஹூக் வில்லின் விதியை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678இல்தான் விடையைச் சொன்னார். நம் சித்தர்களுக்கு உறவுக்காரர் போலும்!) மலிவு தெரிவது நாள்பட்டுத்தான்: விடுவித்ததும் பழைய உயரத்துக்கு மீள்கிறதா என்பதில்.

மூன்று வில்களை வாங்கி, எடைத் தராசின்மேல் வைத்துத் துளையிடும் இயந்திரத்தால் அழுத்திப் பார்த்தேன். மூன்றும் ஒரே சுமை காட்டின. பிறகு பத்து நாள் வைஸில் இறுக்கி வைத்தேன். வெர்னியரில் மூன்றுமே அரை மில்லிமீட்டர் குட்டை.

"சுத்துனப்புறம் சூடு காட்டுனீங்களா?"

"யாரும் கேக்கறதில்லையே சார்" என்றார் பட்டறைக்காரர்.

சற்று உயரமாக வேறு மூன்று சுற்றித் தரச் சொன்னேன். அவற்றை வீட்டு ஓவனில் 250 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தேன். (அந்த வாரம் மனைவி கேக் செய்யவில்லை.) சுருள்கள் ஒன்றையொன்று தொடும்வரை பலமுறை அழுத்தி, இறங்கவேண்டியதை முன்பே இறங்கவிட்டேன். மீண்டும் பத்து நாள் வைஸில். இம்முறை உயரம் குறையவில்லை.

உடைந்தால் சக்கரமே கைவிட்டுப்போகும் பாகமாக இருந்தால் வீட்டுச் சோதனையை நம்பியிருக்கமாட்டேன். இந்த வில் தளரும்போது சத்தமிட்டுத் தெரிவிக்கும். அந்தத் துணிச்சலில்தான் பொருத்தினேன்.

அப்பா முடிச்சூர் சாலையில் ஒரு சுற்று போய்வந்தார்.

"சத்தம் போச்சு. ஆனா திருப்பினா கொஞ்சம் பிடிக்குதுடா."

மறுநாள் மூடியைக் கழற்றி, அழுத்தம் குறைய அதனடியில் மெல்லிய தகடு ஒன்றைக் கூடுதலாக வைத்தேன். அப்பா மறுபடி கிளம்பினார். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஏறவில்லை.