ஓடுபாதையில் 'சரி' கிடையாது

விமான நிலையத்துக்குள் வண்டி ஓட்டத் தனி அனுமதி வேண்டும். ஜேபிஜே கொடுத்த லைசன்ஸ் வேலிக்கு உள்ளே போதாது. வேலிக்கு உள்ளேயும் எல்லா இடமும் ஒன்றில்லை. விமானங்கள் நின்று ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றி இறக்கும் தளத்துக்கு ஏப்ரன் என்று பெயர் (முதல் நாள் வகுப்பில் எல்லோருக்கும் சமையல்கட்டுதான் ஞாபகம் வந்தது). அதைத் தாண்டினால் விமானம் ஊர்ந்துபோகும் டாக்சிவே, ஏறி இறங்கும் ரன்வே. கட்டுப்பாட்டுக் கோபுரம் வானொலியில் வாய் திறந்து சொல்லாமல் அந்தப் பகுதியில் ஒரு சக்கரம்கூட உருளக்கூடாது. நான் ஓடுபாதை விளக்குகளைப் பராமரிக்கும் பிரிவில் இருக்கிறேன். விளக்குகள் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே அந்த மொழியைக் கற்றே ஆகவேண்டியிருந்தது.

மொழி என்று சொன்னாலும் சொற்கள் அதிகம் இல்லை. அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வாரக்கடைசியில் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக்குப் போவேன். பொறியியல் படித்தது பக்கத்திலேயே, பாரிட் ராஜாவில். நான்கு வருடம் படித்த சூத்திரங்கள் என்னை இவ்வளவு அலைக்கழிக்கவில்லை.

நிறங்கள் சுலபம். டாக்சிவே ஓரம் நீலம், நடுக்கோடு பச்சை, ரன்வே ஓரம் வெள்ளை. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் நீ நிற்கும் இடத்தின் பெயர். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் போகும் திசை. சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் அதற்கு அப்பால் அனுமதியில்லாமல் போகக்கூடாது. விளக்குப் பிரிவில் இருப்பவளுக்கு இதெல்லாம் தினமும் பார்ப்பதுதான்.

எண்களும் எழுத்துகளும் வேடிக்கை. மூன்றை 'ட்ரீ' என்றுதான் சொல்லவேண்டும். பள்ளியில் 'ட்ரீ ஹண்ட்ரட்' என்று சொல்லி டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மலேசியர்கள் அனைவருக்கும் உலகச் சிவில் விமான அமைப்பு நியாயம் வழங்கியிருக்கிறது. ஒன்பது 'நைனர்', ஐந்து 'ஃபைஃப்'. இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் இந்த ஏற்பாடு. எல் என்ற எழுத்துக்கு 'லீமா'. மலாயில் லீமா என்றால் ஐந்து. டாக்சிவே லீமா என்று கேட்டதும் மனம் ஐந்தாவதைத் தேடும். வகுப்பில் மலாய்க்காரர், சீனர், நாங்கள் எல்லோரும் அதில் ஒரு நொடி தடுக்கி நின்றோம்.

சிரமம் எனக்கு வேறு இடத்தில் இருந்தது. 'சரி' என்று சொல்லக்கூடாது.

வீட்டில் ஒரு நாள் எத்தனை முறை 'சரி' சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். நீ சொன்னது காதில் விழுந்தது என்பதற்குச் சரி. அப்படியே செய்கிறேன் என்பதற்கும் சரி. ஆமாம் என்பதற்கும், உனக்கு அனுமதி என்பதற்கும், நீ சொன்னதில் பிழையில்லை என்பதற்கும், போதும் போனை வை என்பதற்கும் அதே சரி. மலாயில் 'போலே' என்றால் முடியும் என்றும் பொருள், செய்யலாம் என்றும் பொருள். 'ஓகே லா' பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வானொலியில் இந்த ஒரு சொல்லைப் பிய்த்துத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். 'ரோஜர்' என்றால் உன் கடைசிச் செய்தி முழுவதும் எனக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். சினிமா பார்த்து நாம் நினைப்பதுபோல அதற்கு ஆம் என்று பொருள் கிடையாது. 'வில்கோ' என்றால் புரிந்தது, செய்கிறேன். ஆம் என்பதற்கு 'அஃபர்ம்'. 'அஃபர்மேட்டிவ்' என்று முழுதாக இழுப்பதில்லை, ஏனென்றால் அதன் வாலும் 'நெகட்டிவ்'வின் வாலும் ஒன்று. தலை அறுந்துபோய் வால் மட்டும் காதில் விழுந்தால் என்ன ஆகும்? கேட்டதற்கு அனுமதி என்றால் 'அப்ரூவ்ட்'. திருப்பிச் சொன்னது சரியென்றால் 'கரெக்ட்'. 'ஸ்டாண்ட் பை' என்றால் காத்திரு, நான் கூப்பிடுகிறேன். அதில் ஆமும் இல்லை, இல்லையும் இல்லை.

'கோ அஹெட்' என்பது சொல்லு, கேட்கிறேன் என்று பேச அழைப்பது. ஆனால் ரன்வே ஓரத்தில் வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது 'போ' என்று கேட்கலாம். பிரிட்டனில் அந்தச் சொல்லையே நீக்கிவிட்டு 'பாஸ் யுவர் மெசேஜ்' என்று வைத்துவிட்டார்கள்.

இப்படி ஒவ்வொரு சொல்லையும் சந்தேகப்படுவது அதிகப்படி என்று முதலில் எனக்குத் தோன்றியது. பிறகு நம் நாட்டிலேயே நடந்ததைப் படித்தேன். 1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து சுபாங்குக்கு வந்துகொண்டிருந்த ஃபிளையிங் டைகர் 66 என்ற சரக்கு விமானம், போயிங் 747. சுபாங் கட்டுப்பாட்டிலிருந்து சொன்னது: "டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ." 2,400 அடிக்கு இறங்கு என்பது அதன் பொருள். விமானி திருப்பிச் சொன்னது: "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ." எண்ணின் முதல் இலக்கமான 'டூ' அவர் காதில் 'க்கு' என்ற வேற்றுமை உருபாகிவிட்டது. 400 அடிக்கு இறங்கு. தமிழில் எழுதும்போது இரண்டு 'டூ'வும் ஒரே எழுத்து என்பதால் அந்தக் குழப்பம் அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. அவர் திருப்பிச் சொன்னதில் 2,000 அடி காணாமல் போயிருந்தது. யாரும் மறுத்துச் சொல்லவில்லை. தரை நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி கத்தியதும் பதிவில் இருக்கிறது. பூச்சோங் பக்கத்துக் குன்றில் மோதி உள்ளே இருந்த 4 பேரும் இறந்தார்கள். இன்று அந்த உயரத்தை 'டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்' என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

அதற்கும் முன்னால் 1977 மார்ச் 27, டெனெரீஃப் தீவு. பனிமூட்டத்தில் ஒரே ஓடுபாதையில் இரண்டு 747. ஒன்றின் விமானி "வீ ஆர் நவ் அட் டேக்ஆஃப்" என்றார். புறப்படத் தயாராக நிற்கிறேன் என்றா, புறப்பட்டுவிட்டேன் என்றா? கோபுரம் "ஓகே" என்றது. அடுத்து வந்த 'காத்திரு' என்ற சொல், இன்னொரு விமானம் அதே நொடியில் பேசியதால் இரைச்சலில் அமுங்கிப்போனது. 583 பேர். அதற்குப் பிறகு 'டேக்ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்லலாம் என்று ஆனது. மற்ற எல்லா நேரமும் 'டிபார்ச்சர்'. அந்த 'ஓகே'யும் நம் 'சரி'யின் ஒன்றுவிட்ட தம்பிதான்.

இதெல்லாம் விமானிகளின் கதை, வண்டி ஓட்டுகிறவர்களுக்கு என்ன என்று யாராவது கேட்டால் பெருவின் தலைநகர் விமான நிலையத்தைச் சொல்வார்கள். 2022 நவம்பர் 18 அன்று பயிற்சிக்காக வேகமாக வந்த தீயணைப்பு வண்டி, ஒரு ஏர்பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்த ஓடுபாதையில் ஏறிவிட்டது. பயணிகள் பிழைத்துக்கொண்டார்கள். வண்டியில் இருந்த தீயணைப்பாளர்கள் இறந்தார்கள்.

அப்பா லோரி ஓட்டியவர். ஆயர் ஈத்தாம் நாற்சந்தி ஊர். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு போகும் பழைய சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் போகும் சாலையும் இங்கேதான் வெட்டிக்கொள்கின்றன. நெடுஞ்சாலை வருவதற்கு முன் தெற்கே போகும் பஸ்களும் லோரிகளும் எங்கள் ஊரைத் தொட்டுத்தான் போகும். பீங்கான் கடைகள் பிழைத்ததும் அதனால்தான். என் குறிப்பேட்டைப் புரட்டிய அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

"ஏம்மா, முப்பது வருஷம் லோரி ஓட்டியிருக்கேன். லைட்ட ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சிச்சு. இதுக்கு ஒரு புத்தகமா?"

"ரெண்டு தட்டு தட்டினா என்னப்பா அர்த்தம்?"

"நீ போன்னு அர்த்தம்." கொஞ்சம் யோசித்தார். "இல்லன்னா நான் வர்றேன், நீ நில்லுன்னு. ரோட்பிளாக் இருந்தாலும் தட்டுவோம்."

"அப்ப எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"அது தெரிஞ்சிரும்லா."

பெரும்பாலும் தெரிந்துவிடும் என்பது உண்மை. தெரியாமல் போன நாட்களைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை.

'ரீட்பேக்' பற்றிச் சொன்னபோதுதான் அவர் சிரிப்பை நிறுத்தினார். ஓடுபாதையைக் கடக்கவோ, அதற்கு முன்னால் நிற்கவோ கோபுரம் சொன்னால் அதை அப்படியே நான் திருப்பிச் சொல்லவேண்டும். 'ஹோல்ட் ஷார்ட்' என்றால் கோட்டுக்கு இப்பால் நில். நான் வெறும் ரோஜர் என்றால் கோபுரம் விடாது, முழுதாகத் திருப்பிச் சொல்ல வைக்கும். காதில் சரியாக விழவில்லை என்றால் 'சே அகெய்ன்' என்று நான் கேட்கவேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.

"டவர்ல இருக்கறவன் ஏசமாட்டானா?"

"ஏசமாட்டாங்கப்பா. கேக்கலன்னாதான் தப்பு."

தாத்தா செம்பனைத் தோட்டத்தில் களைமருந்து அடித்தவர். ஒரு நாள் காலை மண்டோர் மோட்டார் சைக்கிளில் போகிற போக்கில் எந்த நிரை என்று மலாயில் கத்திவிட்டுப் போயிருக்கிறான். சொன்னது 'எம்பாட் பிலாஸ்', பதினான்கு. தாத்தா காதில் விழுந்தது 'எனாம் பிலாஸ்', பதினாறு. 'சரிங்க' என்று சொல்லிவிட்டுப் போய் மதியம்வரை பதினாறில் மருந்து அடித்தார். அரைநாள் கூலி கிடைக்கவில்லை. அப்பா அப்போது சிறுவன், பள்ளி லீவு, தண்ணீர் தூக்க உடன் போயிருந்தார். "ஒரு வாட்டி திருப்பிக் கேட்டிருக்கலாம்லப்பா" என்று வழியில் கேட்டாராம். "யாரைப் போயி கேக்கறது? காது இல்லையாம்பான்" என்று தாத்தா சொன்னாராம்.

அந்த 'சரிங்க' எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. மேலே இருப்பவர் சொன்னதும் முதலில் வாய் சரி என்று சொல்லிவிடும், பிறகுதான் என்ன சொன்னார் என்று மனம் தேடும். வகுப்பிலும் அதைப் பார்த்தேன். பயிற்றுநர் கோபுரமாகப் பேசுவார், நாங்கள் ஒவ்வொருவராகப் பதில் சொல்லவேண்டும். தயங்காமல் 'சே அகெய்ன்' சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்குச் சொற்கள் நன்றாகத் தெரிந்திருந்தும் தொண்டை இறுகியது. பயிற்றுநர் வேண்டுமென்றே முணுமுணுத்துப் பேசுவார், எண்ணைப் பாதியில் விழுங்குவார். திருப்பிக் கேட்கும்வரை விடமாட்டார்.

அதன்பிறகு சில வாரம் வீட்டில் இதே விளையாட்டு. அப்பா குறிப்பேட்டை வைத்துக்கொண்டு கோபுரமாவார். யாரைக் கூப்பிடுகிறேன், நான் யார், எங்கே நிற்கிறேன், என்ன வேண்டும் என்ற வரிசையில் நான் பேசவேண்டும். வரிசை மாறினால் "நெகட்டிவ்" என்பார். அந்தச் சொல் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அம்மா, "சரி சரி, சாப்பிட்டுட்டுப் பேசுங்க" என்றால் "எந்தச் சரி?" என்று கேட்டு ஏச்சு வாங்குவார்.

கடைசிப் பக்கத்தில் வானொலி செத்துப்போனால் என்ன செய்வது என்று இருந்தது. கோபுரத்திலிருந்து விளக்கு காட்டுவார்கள். பச்சை மின்னினால் கடக்கலாம். சிவப்பு அசையாமல் நின்றால் நில். சிவப்பு மின்னினால் ஓடுபாதையிலிருந்து விலகு, விமானம் வருகிறதா பார். வெள்ளை மின்னினால் அந்தப் பகுதியையே விட்டு வெளியேறு. லோரிக்காரருக்கு இது உடனே பிடித்துவிட்டது. "இது நம்ம ஹைபீம் மாதிரிதான். ஆனா எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம்." விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்துக்கொண்டே போனவர் கேட்டார்:

"புரியலன்னா நீ அவனுக்கு எந்த லைட்டுக் காட்டணும்?"

"அதுக்கு லைட்டு இல்லப்பா. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டே இருக்கணும். யாராவது வண்டி எடுத்துக்கிட்டு வருவாங்க."