யானை வாங்கலாம், தீனி?

பென்ஷன், முழங்கால் வலி, பழைய டூரிங் டாக்கீஸ் என்று எழுதிக்கொண்டிருந்தவன் இந்த வாரம் கார் பக்கம் போகிறேன். நம் பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் ஓசூரிலும் பெங்களூருவிலும் வேலையில் இருக்கிறார்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அவர்கள் மனசு போகிற இடம் பழைய சொகுசுக் கார். புதிதாக 45 லட்சத்துக்கு விற்ற வண்டி, பத்து வருடம் கழித்து 12 லட்சத்துக்குக் கிடைக்கிறது. புது மாருதி விலைக்கு பி.எம்.டபிள்யூ என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

என் தங்கை மகனுக்கும் வந்தது. 2023-இல் ரோட்டோர நிலத்தை விற்றதில் அவர்கள் பங்குக்கு 15 லட்சம் வந்திருந்தது. தங்கை கணவர் இல்லை. அந்தப் பணம்தான் அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம். பையன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். 2013 மாடல், பி.எம்.டபிள்யூ 320 டீசல், கேட்ட விலை பன்னிரண்டரை லட்சம்.

"மாமா, 184 குதிரை சக்தி, எட்டு கியர் ஆட்டோமேட்டிக். எட்டு செகண்டுக்குள்ள நூறைத் தொடும்" என்றான்.

தங்கை தனியாக வந்து, "அண்ணா, நீங்க டிப்போ ஸ்டோர்ஸ்ல இருந்தவர். வண்டிக்கு என்ன செலவாகும்னு உங்களுக்குத் தெரியும். வேண்டாம்னு சொல்லச் சொல்லல. கணக்கை மட்டும் அவனுக்குக் காட்டுங்க" என்றாள். நான் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் பேரனோ மருமகனோ இதே ஆசையோடு நின்றால் உங்களுக்கு உதவும்.

முதல் விஷயம். காரின் விலை குறையும், உதிரிபாகத்தின் விலை குறையாது. 45 லட்சம் ரூபாய்க் கார் 12 லட்சத்துக்கு வந்தாலும் அதன் ஹெட்லைட்டும் டர்போவும் கியர்பாக்ஸும் 45 லட்சம் ரூபாய்க் காருக்கு உரிய விலையில்தான் இருக்கும். வாங்குகிறவன் 12 லட்சத்துக்காரனாக இருக்கலாம், பராமரிப்பு கேட்பது 45 லட்சத்துக்காரனின் பையை. யானையை மலிவாக வாங்கிவிடலாம், கட்டித் தீனி போடுவதில்தான் இருக்கிறது சங்கதி.

எங்கள் அன்னை சத்யா போக்குவரத்துக் கழக நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். பஸ்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியதற்குக் காரணம் பழுதே வராதது அல்ல. தினமும் ஏதாவது வரும். ஆனால் எந்த டிப்போவிலும் அதே லைனிங், அதே பேரிங், அதே ஸ்பிரிங் பட்டை இருக்கும். கழற்றி மாட்டத் தெரிந்த கையும் இருக்கும். சாமான் கிடைப்பது, சாமானின் விலை, வேலை தெரிந்த ஆள். இந்த மூன்றும்தான் பராமரிப்பு. காருக்கும் இதே கணக்குதான்.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரிய பாடம் ஒன்று நடந்திருக்கிறது. நம் வயதுக்காரர்களுக்கு ஸ்டாண்டர்ட் 2000 நினைவிருக்கும். ஹெரால்டும் கெஸலும் செய்த அதே சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி, 1985-இல் கொண்டுவந்த சொகுசுக் கார். உருவம் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. அந்த ரோவர் 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது வாங்கியது. அங்கே அதற்கு மூன்றரை லிட்டர் வி-8 இன்ஜின். இங்கே வந்தபோது அதற்குள் வைத்தது பழைய ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் வழிவந்த 1991 சி.சி. நான்கு சிலிண்டர் இன்ஜின், சுமார் 83 குதிரை சக்தி. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். அந்தக் கனத்தை இழுக்க இன்ஜின் திணறும், பெட்ரோலும் நிறையக் குடிக்கும். 1988-ஓடு உற்பத்தி நின்றுபோனது. கம்பெனி நின்றபின் கண்ணாடி, விளக்கு, பம்பர் உடைந்தால் எங்கே போவது? வைத்திருந்தவர்கள் தேடித் தேடி அலைந்தார்கள்.

அதே காலத்தில் 1984-இல் வந்த கான்டெஸாவைப் பாருங்கள். அதன் உடம்பும் இங்கிலாந்து வாக்ஸ்ஹாலிலிருந்து வந்ததுதான். முதலில் அம்பாசிடரின் ஒன்றரை லிட்டர் இன்ஜினையே போட்டார்கள். வேகம் இல்லை, ஆனால் நம் ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். பிறகு இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியரும் வந்தபோது வேகமும் வந்தது. 2002 வரை அந்தக் கார் தயாரிப்பில் இருந்தது. கான்டெஸா சாலையில் நிலைத்து நின்றதற்கு அழகு மட்டும் காரணமில்லை. பின்னால் சாமான் இருந்தது, கை இருந்தது.

இதைச் சொன்னதும் மருமகன், "மாமா, பி.எம்.டபிள்யூ சென்னையிலதானே பண்றாங்க?" என்று மடக்கினான். உண்மைதான். 2007-இலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் அவர்கள் தொழிற்சாலை ஓடுகிறது. ஆனால் இங்கே கூட்டிப் பொருத்துகிறார்கள் என்பதால் ஒவ்வொரு சாமானும் இங்கேயே பிறக்கிறது என்று ஆகிவிடாது.

இரண்டாவது விஷயம், எந்த இடத்தில் செலவு ஒளிந்திருக்கிறது என்று தெரிந்து வாங்குவது. அவன் பார்த்த வண்டியில் அந்தக் காலத்து நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின். அதில் டைமிங் செயின், முன்பக்கம் இல்லாமல் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் தேய்ந்து சத்தம் கொடுத்தால் மாற்றுவதற்கு இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். செயினின் விலையை விடக் கூலி பெரிதாகிவிடும். டயர் ரன்-ஃப்ளாட் வகை. பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் என்பது வசதி, அதனால் ஸ்டெப்னி கிடையாது. பாலக்கோடு ரோட்டில் ராத்திரி பக்கவாட்டில் கிழிந்தால் நம் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் என்ன செய்வார்? பேட்டரி மாற்றினால்கூட வண்டியின் கம்ப்யூட்டரில் அதைப் பதிய வேண்டும்.

வேறு சில கார்களில் காற்று சஸ்பென்ஷன் இருக்கும். பலூன் ஓட்டையானால் வண்டி ஒரு பக்கம் மண்டியிட்டுவிடும். சிலவற்றில் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், ஊர்வலம் மாதிரி நகரும் நெரிசலில் சூடாகும். இவையெல்லாம் கெட்ட சாமான்கள் அல்ல. ஆனால் பழசாகும்போது பணம் கேட்கும். சாதாரண ஸ்பிரிங், சாதாரண மேனுவல் கியர், பல கார்களுக்குப் பொதுவான இன்ஜின் இருந்தால் தீனி குறையும்.

மூன்றாவது, காகிதம். டில்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் மீதும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் மீதும் நீதிமன்ற உத்தரவுகள் வந்ததால், அங்கே பெரிய கார்கள் மலிவாகத் தள்ளிவிடப்படுகின்றன. அந்த விலையைப் பார்த்து மயங்கக் கூடாது. அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, சாலை வரியும் கட்ட வேண்டும். எந்த ஊர் வண்டியானாலும் முதல் பதிவு பதினைந்து வருடத்துக்குத்தான், பிறகு எஃப்.சி. பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸில் தேய்மானம் கழிக்காத பாலிசி பழைய வண்டிகளுக்குச் சுலபமாகக் கிடைக்காது. அது இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதி விலை நம் கையிலிருந்துதான். இன்றைய காரில் பம்பரே பிளாஸ்டிக்.

இன்னொன்று, வெள்ளம். 2015 டிசம்பர் மழையில் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று டி.வி.யில் பார்த்தோம். மூழ்கிய வண்டி துடைத்துப் பளபளவென்று சந்தைக்கு வந்துவிடும். தரைவிரிப்பைத் தூக்கி அடியில் சேறு, சீட் கம்பியில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் கறை காட்டிக்கொடுக்கும்.

இதெல்லாம் சொன்ன பிறகு நான் மருமகனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "வாங்குற அன்னைக்கே ஒரு பெரிய செலவு வந்தா, அம்மாகிட்ட கை நீட்டாம கட்ட முடியுமா, மாப்பிள்ளை?"

அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் நல்ல காரியம் ஒன்று செய்தான். பெங்களூருவில் பழைய ஜெர்மன் கார்கள் பார்க்கிற தனி ஒர்க்‌ஷாப்பில் பணம் கட்டி வண்டியைச் சோதிக்கச் சொன்னான். பட்டியல் வந்தது. நான்கு டயர், பேட்டரி, முன் சஸ்பென்ஷன் ஆர்ம்கள், ஆயில் கசிவு, கியர்பாக்ஸ் ஆயில். மொத்தம் 2 லட்சத்து 80 ஆயிரம், செயின் வேலை சேர்க்காமல். காருக்குப் போக அவன் கையில் மிஞ்சுவது இரண்டரை லட்சம். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் வேறு இருக்கிறது. அந்தத் தாளை அவனே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் தேடி அவன் வாங்கியது 2015 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா, 2 லிட்டர் டீசல், மேனுவல் கியர். ஒன்பது லட்சம். 143 குதிரை சக்தி. சிலர் இதைச் சொகுசுக் கார் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதே குடும்பத்து இன்ஜின் ஜெட்டாவிலும் சூப்பர்பிலும் ஆடி ஏ4-இலும் ஓடியது, அதனால் சாமானும் வேலை தெரிந்த ஆளும் கிடைக்கிறார்கள். வாரா வாரம் ஓசூரிலிருந்து தர்மபுரிக்கு நெடுஞ்சாலையில் வருகிறவனுக்கு டீசல் பொருத்தம். தினம் ஊருக்குள்ளேயே நாலு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் அதை வாங்கக் கூடாது, புகை வடிகட்டும் சாமான்கள் அடைத்துக்கொள்ளும்.

வாங்கிய வாரமே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், எல்லா ஆயிலும், பிரேக் பேடும் மாற்றினான். பழைய வண்டியில் இதை முதல் செலவாகவே வைத்துக்கொள்ள வேண்டும். வேகத்தை விட பிரேக் முக்கியம். தொப்பூர் இறக்கத்தில் சேலம் பக்கம் இறங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மிச்சத்தில் மூன்று லட்சத்தை அம்மா பெயரில் தனிக் கணக்கில் போட்டான். காருக்கு அதிலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும், எடுத்ததைத் திருப்பிப் போட வேண்டும் என்று தங்கை வைத்த சட்டம். மீதி தபால் நிலையத்தில் இருக்கிறது.

இரண்டு வருடத்தில் டயர் உட்பட 1 லட்சத்து 40 ஆயிரம் செலவாகியிருக்கிறது. குறைவான தொகை இல்லை. ஆனால் எதிர்பார்த்த செலவு, யாரிடமும் கடன் வாங்காத செலவு. போன மாதம் தங்கையைக் கண் ஆபரேஷனுக்குச் சேலம் அழைத்துப் போனதும் அந்தக் காரில்தான். ஆபரேஷனுக்கான பணத்தைத் தபால் நிலையத்திலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள்.

பிள்ளைகளின் ஆசையைத் தடுக்க வேண்டாம். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு ரொக்கமாகத் தனியே இருக்கிறதா, வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கிறாரா, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் தாராளமாக வாங்கட்டும், ஒரு ரவுண்டு நாமும் போய் வரலாம்.