அமாவாசைக்கு அமாவாசை டிஸ்டில்ட் வாட்டர்

உங்கள் வீட்டிலோ, ஊரில் அண்ணன் தம்பி வீட்டிலோ பழைய கார் ஏதாவது நிற்கிறதா? மாட்டுக் கொட்டகையை ஒட்டி, கிழிந்த தார்ப்பாயை மூடிக்கொண்டு, நாலு டயரும் காற்றிறங்கி, பானெட் மேல் கோழி உட்கார்ந்து தூங்கும்படி? நிற்கிறதென்றால் இந்த வாரம் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இல்லாதவர்களும் படிக்கலாம். வேறு எதற்காவது உதவும்.

என் பெரியப்பாவுக்கு உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமம். நெல், கொஞ்சம் வேர்க்கடலை, ஒரு பம்ப்செட், ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1967 மாடல். இன்றைய பிள்ளைகளுக்கு ஹெரால்டு என்றால் சட்டென்று தெரியாது. அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் வாங்க நினைத்தவருக்கு மூன்றே வழி. அம்பாசடர் கல்கத்தாப் பக்கம், ஃபியட் பம்பாய், ஹெரால்டு நம்ம மெட்ராஸ். இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் பெயரில் வந்த வண்டியை, 1961-லிருந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இங்கே போட ஆரம்பித்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் தொழிற்சாலை. 1980-களின் கடைசியில் கார் உற்பத்தியே நின்றுபோனது. அந்த இடத்தில் இன்றைக்கு கம்ப்யூட்டர் கம்பெனிகள்.

ஹெரால்டின் அழகு அதன் மூக்கு. பானெட்டை மட்டும் தூக்க வேண்டாம். முன் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து மொத்த முன்பக்கமும் முதலை வாய் மாதிரி முன்னால் கவிழும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். ‘என்னைக் கவனி’ என்று வண்டியே வாயைத் திறந்து கேட்பது போல இருக்கும்.

பெரியப்பா கவனித்தார். அவருடைய முறை ரொம்ப எளிது. அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்குப் பூசணிக்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவோம் இல்லையா, அதே நாளில் பேட்டரி மூடிகளைத் திறந்து தண்ணீர் பார்ப்பார். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதற்கு முதல் நாள் இன்ஜின் ஆயிலை மாற்றிவிடுவார். வண்டி அந்த வருஷம் ஓடியிருந்தாலும் சரி, சும்மா நின்றிருந்தாலும் சரி. தினசரி காலண்டர் தாளின் பின்னால் ‘தண்ணி’, ‘ஆயில்’, ‘கிரீஸ்’ என்று எழுதி ஆணியில் குத்தி வைப்பார்.

“ஓடாத வண்டிக்கு எதுக்குப் பெரியப்பா புது ஆயில்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஓடாம இருக்கறதாலதான்டா” என்றார்.

அப்போது அதைக் கிராமத்துப் பிடிவாதம் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு விசாரித்ததில், அவர் சொன்னதில் ரசாயனமே இருக்கிறது. பெட்ரோல் எரியும்போது தண்ணீர் ஆவியும் கொஞ்சம் அமிலமும் உண்டாகின்றன. இன்ஜின் நன்றாகச் சூடேறி ஓடினால் ஈரம் வெளியேறிவிடும். ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைத்தால் வெளியேறாது. ஆயிலோடு கலந்து உள்ளேயே உட்கார்ந்து, பேரிங்கையும் சிலிண்டர் சுவரையும் மெள்ள மெள்ளத் தின்னும். அதனால்தான் ஓடுகிற வண்டியின் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு, நிற்கிற வண்டியின் ஆயிலுக்குக் காலண்டர் கணக்கு.

ஆக, ‘வாரம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுறேன் சார், வண்டி நல்லா இருக்கு’ என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி. அந்த ஐந்து நிமிஷம் பேட்டரிக்கும் நல்லதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே இழுப்பில் ஏகப்பட்ட கரன்ட்டை உறிஞ்சும். பழைய வண்டிகளில் இருப்பது டைனமோ. இன்றைய ஆல்டர்னேட்டர் மாதிரி அது ஐடிலிங்கில் சார்ஜ் கொடுக்காது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று எரிகிறதே, அதுதான் டைனமோவின் வாக்குமூலம். எடுத்தது வண்டி, திருப்பிக் கொடுத்தது பூஜ்யம். பெரியப்பா இதற்காகவே அமாவாசையன்று மானாம்பதி வரைக்கும் ஓட்டிப்போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார். டீ கணக்கு தனி.

பேட்டரி சங்கதிக்கு வருவோம். 1859-ல் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் ஈயத் தகடுகளை ஆசிடில் முக்கிச் செய்து காட்டியதுதான். அடிப்படை இன்றும் அதேதான். சும்மா வைத்தாலும் அது தானாக இறங்கும். இறங்கியபடியே கிடந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படியும். அப்புறம் எத்தனை சார்ஜ் போட்டாலும் ஏறாது.

வெளிநாட்டுப் புத்தகங்களில் ‘குளிர்காலத்தில் பேட்டரி ஜாக்கிரதை’ என்று போட்டிருக்கும். உத்திரமேரூரில் குளிர்காலம் என்பது மார்கழியில் ஒரு போர்வை. நமக்கு எதிரி கத்திரி வெயில். சூடு 10 டிகிரி கூடினால் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. தண்ணீரும் சீக்கிரம் வற்றும். எனவே மாசிக்கு அப்புறம் கண்ணை அங்கேயே வைத்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர், மினரல் வாட்டர், ஆசிட் எதுவும் கூடாது. தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, சார்ஜ் ஏற்றி, அப்புறம் அளவு வரை நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். ஹைட்ராமீட்டரில் 1.26-க்கு மேல் காட்டினால் பேட்டரி தெம்பாக இருக்கிறது. 1.20 என்றால் பாதி காலி. மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு, 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 காட்ட வேண்டும். 60 ஆம்பியர் பேட்டரிக்கு 6 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் கொடுக்காதீர்கள். அவசரப்பட்டால் தகடு வளையும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். பூட்டிய அறை வேண்டாம், பீடி, ஊதுபத்தி, கற்பூரம் வேண்டவே வேண்டாம். பூஜையை முடித்துவிட்டு அப்புறம் சார்ஜ் போடுங்கள்.

கழற்றும்போது பாடியோடு சேர்ந்த எர்த் ஒயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். சில பழைய இங்கிலீஷ் வண்டிகளில் எர்த் பாசிட்டிவாக இருக்கும். பார்த்துச் செய்யுங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் பச்சை, வெள்ளைப் பூவைச் சோடா உப்புத் தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவினால் முடிந்தது.

இதுவரை சொன்னதை விட்டால் பணம்தான் நஷ்டம். இனிச் சொல்லப்போவது உயிர்.

பெரியப்பா 2018-ல் பக்கவாதத்தில் படுத்தார். இரண்டு வருஷம் எழுந்திருக்கவில்லை. வண்டியைப் பக்கத்து ஊரில் ஒரு சர்வீஸ் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2020-ல் அவர் போய்ச் சேர்ந்தார். பெங்களூர் அண்ணன், “யார் பார்த்துக்கறது? காயலான் கடைக்குப் போட்டுடலாம்” என்றான். துபாய் தம்பி போனிலேயே தலையாட்டினான். பெரியம்மாதான், “நான் காஞ்சிவரம் கண் ஆஸ்பத்திரிக்கு அதுலதான் போவேன். எனக்கு ஏறி இறங்க அதுதான் தோது” என்று முடித்துவிட்டாள். மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறவன் என்பதால் பொறுப்பு எனக்கு வந்தது.

உத்திரமேரூரில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் பாய் என்போம். ஹெரால்டை ஜாக்கியில் ஏற்றி முன் சக்கரத்தைக் கழற்றியவர், கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

“என்ன ஆச்சு பாய்?”

“தம்பி, இதுல யாரு கிரீஸ் அடிச்சது?”

ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்குவது செங்குத்தான ஓர் இரும்புத் தண்டு. அதன் கீழ்முனை மரையாக, ஒரு பித்தளைக் கூட்டுக்குள் திருகியிருக்கும். பெயர் டிரன்னியன். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை அதற்குள் திரும்பும். வண்டியின் முன்பாரம் முழுக்க அங்கேதான். இதற்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கம்பெனி மேனுவலிலேயே அப்படித்தான் இருக்கிறது. பார்ப்பதற்கு கிரீஸ் போடும் இடம் போலவே இருப்பதால், தெரியாதவர்கள் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை போகாது. மேலே அடைத்துக்கொண்டு நிற்கும். கீழே மழைத் தண்ணீர் சேரும், இரும்பு துருப்பிடிக்கும், ஒருநாள் தண்டு முறியும். முறிந்தால் சக்கரம் காலை மடக்கி உட்கார்ந்துவிடும். நின்ற இடத்தில் என்றால் சிரிக்கலாம். லாரி எதிரே வரும்போது என்றால்?

பாய் கழற்றிக் காட்டினார். மரையின் நடுவில் செம்மண் நிறத்தில் துரு. விரலால் தடவினால் உதிர்ந்தது.

“இன்னும் ரெண்டு மழை தாங்கியிருக்காது. பெரியம்மாவ இதுலதான கூட்டிட்டுப் போறீங்க?”

பதில் சொல்லத் தோன்றவில்லை. இரண்டு பக்கத் தண்டும் கூடும் மாற்றினோம். சென்னையில் பழைய வண்டி வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து கிடைத்தது. பெரியப்பாவின் காலண்டர் தாள்களைப் புரட்டினேன். ஆறு மாசத்துக்கு ஒருமுறை ‘கீழ் முட்டி - ஆயில், கிரீஸ் இல்ல’ என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். 2018 சித்திரைக்கு அப்புறம் ஆணியில் தாள் இல்லை.

எந்த இடத்துக்கு எந்த எண்ணெய் என்பதுதான் லூப்ரிகேஷனின் மொத்த வித்தை. அதிகமாகப் போட்டாலும் தப்புதான். டைனமோவின் பின்பக்க பேரிங்குக்கு இரண்டு சொட்டு மெல்லிய ஆயில் போதும். அதிகமானால் கம்யூட்டேட்டரில் வழிந்து சார்ஜ் நின்றுவிடும். பித்தளை வளையங்கள் உள்ள பழைய கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.-4 ரக ஆயில்தான் பத்திரம். ‘ஜி.எல்.-5 ஒசத்தி சார்’ என்று கடைக்காரர் நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும்.

இன்னொன்று. 50 வயதான, அசல் மாறாத வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற தனி நம்பர் தரும் விதி 2021-ல் வந்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய் என்று வைத்தார்கள். கௌரவம்தான். ஆனால் அந்த நம்பர் மாட்டினால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு என்று போகலாமே தவிர, தினசரி ஓட்டக்கூடாது. கண் ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இல்லை. நாங்கள் பழைய நம்பரையே புதுப்பித்து வைத்திருக்கிறோம்.

உத்திரமேரூர் என்றதும் எல்லாரும் குடவோலை என்பார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. யார் தேர்தலில் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று விலாவாரியாக இருக்கும். பெரியப்பா எங்களை அங்கே கூட்டிப்போகும்போது தேர்தலைப் பற்றி அதிகம் பேச மாட்டார். “ஜெயிச்சவனுக்கு என்ன வேலைன்னு பாரு. ஏரி வாரியம், தோட்ட வாரியம். 360 நாள் ஏரியப் பார்த்துக்கணும். கணக்குக் காட்டலைன்னா அடுத்த தடவை நிக்க முடியாது” என்பார். ஏரியை வெட்டுவது ஒரு தடவை, பார்த்துக்கொள்வது வருஷா வருஷம். பின்னதற்குத்தான் கல்லில் எழுதி வைத்தார்கள்.

பாயின் இரண்டு மகன்களும் ஒரகடம் பக்கம் கார் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள். அங்கே வரும் புது வண்டிகளில் பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்க வேண்டாம், முட்டிகளுக்கு எண்ணெய் விட வழியே கிடையாது. தேய்ந்தால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்ட வேண்டியதுதான். அதனால் டிரன்னியனில் எது போடுவது என்று தெரிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். நான் பாயிடம் கேட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வருகிறேன். காலண்டர் தாளின் பின்னால்தான்.

அடுத்த அமாவாசை என்றைக்கு என்று பாருங்கள். பூசணிக்காய் வாங்கும்போது மறக்காமல் ஒரு பாட்டில் டிஸ்டில்ட் வாட்டரும் வாங்குங்கள். திருஷ்டியைப் பூசணிக்காய் பார்த்துக்கொள்ளும். மீதியை நாம்தான் பார்க்க வேண்டும்.